சாரத்தில் பட்ட வெயில்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வாரப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்து கேட்டார். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல் துறைகளில் பெண்கள் என்று ஒரு சிறப்பிதழ் போடுகிறார்களாம். "உங்ககிட்டேருந்து ஒரு கதை வேணும் மேடம். நடுவுல கண்ணீர் கொஞ்சம் இருக்கட்டும், கடைசில கைதட்டல் இருக்கட்டும்" என்றார். உப்பு, காரம் அளவு சொல்வது மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். என் அண்ணி ஒரு பொறியாளர். புதிதாகக் கட்டிய பாலங்களை, மக்கள் ஏறுவதற்கு முன்னால் பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்க்கிற வேலை. கதை வீட்டுக்குள்ளேயே நடமாடும்போது வெளியில் எதற்கு அலைய வேண்டும் என்று நினைத்தேன்.

நாத்தனார் அண்ணியைப் பற்றி எழுதுகிறாள் என்றதும் உங்களில் சிலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். ஏமாந்துபோவீர்கள். எனக்கும் அண்ணிக்கும் இடையில் இருக்கும் ஒரே தகராறு இந்தக் கதைதான்.

மர்மம் வைத்து எழுதுவது எனக்கு வராது. ஆகவே விஷயம் என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணி ஓர் அறிக்கை எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். அதில் ஒரு வரி, 'பிழை என்னுடையது' என்கிறது. அந்த அறிக்கையில் கையெழுத்து விழுமா, அண்ணிக்கு அந்த வேலை தங்குமா என்பதெல்லாம் நாளைக்குத்தான் தெரியும். இன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தூக்கிப் போட்ட தொடக்கங்கள். குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன்.

'சின்ன வயதிலேயே அவள் பொம்மைகளைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பாள். அதைப் பார்த்த அவளுடைய அப்பா—'

அண்ணி இதைப் படித்துவிட்டு, "நான் பொம்மையெல்லாம் பிரிச்சதே இல்ல. பத்திரமா வச்சுப்பேன். ரெண்டு இன்னும் அலமாரில இருக்கு, வேணும்னா பாரு" என்றார்.

'வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அத்தனை ஆண்களுக்கு நடுவே அவள் உள்ளே நுழைந்தபோது—'

"பதினோரு பேர் இருந்தோம். ஒரே சத்தமா இருக்கும். வாத்தியாருங்கதான் பாவம்" என்றார். அந்தப் பதினோரு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னார். ஒருத்தி வங்கியில். ஒருத்தி கணவரின் கடையில் கணக்குப் பார்க்கிறாள். ரெண்டு பேர் பாடம் நடத்துகிறார்கள். சிலர் வீட்டில். சிலர் எங்கே என்றே தெரியவில்லை. "பாலத்துக்கு அடியில நிக்கிறது நான் மட்டுந்தான் போல" என்று சொல்லிவிட்டு, அடுப்பை அணைக்க எழுந்து போனார். அடுப்பு ஏற்கனவே அணைந்துதான் இருந்தது.

'ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் வேலைக்குப் போகும் காலை. கண்ணாடி முன்னால் நின்று அவள் தன்னையே—'

இதை நானே நிறுத்திவிட்டேன். கதைகளில் வருகிற பெண்களுக்குக் கண்ணாடியை விட்டால் வேறு இடமே இல்லையா? அன்று காலையில் உண்மையில் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். "ஹெல்மெட் பெருசா இருந்துது. உள்ள ஒரு கைக்குட்டைய மடிச்சு வச்சேன். சரியாப் போச்சு" என்றார்.

அந்த ஒன்பது வருடத்தைப் பற்றி ஒரு பத்தியாவது எழுத வேண்டும். அண்ணிக்கு மகள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கிய சமயம் என் அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்த படுக்கையானார். அண்ணனுக்கு மருந்துக்கடை, பகலில் நகர முடியாது. அம்மா போன பிறகு அண்ணி தன் பழைய அலுவலகத்துக்கே விண்ணப்பம் போட்டார். நேர்முகத்தில் ஒருவர், "இவ்வளவு வருஷம் கழிச்சு வர்றீங்களே, எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்று இழுத்தாராம். அங்கே தலைமைப் பொறியாளராக இருந்த அம்மாள் (எல்லோருக்கும் அவர் 'பெரிய மேடம்', கதையிலும் அப்படியே இருக்கட்டும்) குறுக்கே புகுந்து, "ஒம்பது வருஷத்துல பாலம் மாறிடலப்பா" என்று சொல்லி, ஒரு வருடத் தற்காலிக வேலைக்கு எடுத்துக்கொண்டார். அந்த வருடம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

பெரிய மேடம் சொன்னது சரிதான். பாலம் மாறவில்லை. மாறியது வேறொன்று.

3

சோதனை எப்படி நடக்கிறது என்று நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். தப்பு இருந்தால் அண்ணி கீழே குறிப்புப் போடுவார்.

பாலத்தின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, ஆற்றுப் படுகையிலிருந்து மேலே வரை ஒரு சாரம் கட்டுவார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கட்டுவோமே, அதே சாரம்தான். ஆனால் இதில் ஆள் ஏறி வேலை பார்ப்பதில்லை. இதன் உச்சியில் டயல் கேஜ் என்ற சின்னக் கருவி உட்கார்ந்திருக்கும். பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும்: வட்ட முகம், ஒரு முள். தலையில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டு பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாலம் ஒரு மயிரிழை இறங்கினாலும் குச்சி அமுங்கும், முள் நகரும்.

முள்ளைச் சுழியத்தில் வைத்துவிட்டு, மேலே மணல் நிரப்பிய லாரிகளை வரிசையாக நிறுத்துவார்கள். பாலம் இறங்கும்.* ஒரு நாள் முழுக்க அப்படியே பாரத்தோடு நிற்கும். பிறகு லாரிகளை இறக்கிவிட்டு இன்னொரு நாள் காத்திருந்து கடைசி ரீடிங் எடுப்பார்கள். இறங்கியதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்காவது பாலம் மேலே திரும்பி வந்திருக்க வேண்டும். வந்தால் பாலம் நல்ல பாலம்.**

நூறு வர வேண்டாமா என்று கேட்டேன். "புதுப் பாலம். முதல் தடவையா சுமக்குது. கொஞ்சம் உக்காரத்தான் செய்யும். நூறு யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் அண்ணி. ஒரு நாட்டின் சட்டதிட்டங்களில் எங்கோ இப்படி ஒரு கருணை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அண்ணி முதல் முறையாகத் தனிப் பொறுப்பில் செய்த சோதனை இது. ஆற்றின் இரு கரைக்கும் நடுவே புதுப் பாலம். சுழியம் வைத்தது ஒரு மாலை நேரம், வானம் மூடிக் கிடந்தது. லாரிகள் ஏறின, நின்றன, இறங்கின. கடைசி ரீடிங்கும் அதே மாலை நேரத்தில். நேரத்தைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார். வெயிலில் பாலத்தின் முதுகு சூடாகி அதனால் வளையும், அந்தக் கணக்கையும் ஒழுங்காகக் கழித்தார்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு எழுபதுகூட வரவில்லை. அத்தனை பேரின் வேலையில் நின்ற பாலம், காகிதத்தில் விழுந்துவிட்டது.

* அண்ணியின் குறிப்பு: 'இறங்கும் என்று மட்டும் எழுதினால் படிப்பவர்கள் பயப்படுவார்கள். மூன்று நான்கு விரல் நகங்களை அடுக்கி வைத்த கனம்தான் இறங்கும் என்று சேர்த்து எழுது.'

 ** என் குறிப்பு: பாரத்தில் வளைந்து, பாரம் இறங்கியதும் திரும்பி வருகிற பாலம். வேலைக்குத் திரும்பி வந்த பெண். ஆமாம், உங்களுக்குத் தெரிகிறது எனக்கும் தெரியாதா? அண்ணி தடை போட்டுவிட்டார். "பாலம் பாலம். நான் நான். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத" என்றார். ஆகவே அடிக்குறிப்பில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

4

செய்தி பரவியதும் அலுவலகத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அண்ணி காதுபடவே பேசிக்கொண்டார்களாம். பிள்ளைக்குப் பரீட்சை சமயம், அம்மாவுக்கு மனசு அங்கேதான் இருந்திருக்கும். வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்த்தால் இப்படித்தான். ஒருவர் ரொம்ப அன்பாக, "உடம்பு கிடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் மட்டும் யோக்கியமா? என் பங்குக்கு நானும் எழுதினேன்:

'முந்தின நாள் முழுக்க மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஈரத் துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே அவள் மனம் ஆற்றங்கரையில்—'

ஆசிரியர் கேட்ட கண்ணீர் இங்கேதான் வர வேண்டியது. நன்றாகவே வந்திருந்தது. அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அண்ணி கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அவளுக்குக் காய்ச்சல் வரல. ஸ்கூல்ல கவலையில்லாம ஓடியாடிட்டு இருந்தா. வீட்டுல ஒரு குறையும் இல்ல. நான் நல்லா சாப்பிட்டேன், நல்லா தூங்கினேன், நல்லா யோசிச்சேன், அப்புறந்தான் தப்புப் பண்ணேன். அது என் தப்பு. ஒரு இன்ஜினியர் பண்ற தப்பு. அத எங்கிட்டேருந்து புடுங்கி எம் பொண்ணு கையில குடுக்காத."

நான் வாயை மூடிக்கொண்டேன். வாசகர்களே, நான் வாயை மூடிக்கொள்வது அபூர்வம். அண்ணனைக் கேளுங்கள்.

பிறகு நடந்ததை அண்ணி சொன்னபடியே எழுதுகிறேன்.

ரீடிங் தோற்றுப்போன மறுநாள் கட்டுமான நிறுவனத்து ஆட்கள் காங்கிரீட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டும், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டும் மேலே நின்றார்கள். அண்ணி கீழே போய்விட்டார். பாலத்தில் விரிசல் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. மாலை ஆகிவிட்டது. பகல் முழுக்க நிழலாக இருந்த இடத்தில், சாய்ந்த வெயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து நேராகச் சாரத்தின் மேல் விழுந்தது. கால் கடுத்ததால் அண்ணி ஒரு கையை நீட்டிச் சாரத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டார்.

கை சுட்டுவிட்டது.

சுட்ட கையை உதறிக்கொண்டு அங்கேயே நின்றாராம். அந்த ஒன்பது வருட இடைவெளிக்கு முன்னால் அண்ணி வேலை பார்த்தபோது சாரம் எல்லாம் மரக் கட்டை. வெயிலில் மரம் அவ்வளவாக நீளாது. இப்போது நிற்பதெல்லாம் இரும்புக் குழாய். வெயிலில் இரும்பு நீளும். சுழியம் வைத்த அன்று வானம் மூடியிருந்தது, குழாய் குளிர்ந்திருந்தது. கடைசி ரீடிங் அன்று வெயில், குழாய் காய்ந்து நீண்டு, தன் தலையில் இருந்த கருவியை மேலே தூக்கிவிட்டது. குச்சி அமுங்கியது. முள் நகர்ந்தது. பாலம் திரும்பி வரவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். பாலம் வந்துதான் இருந்தது. அளக்க நின்ற சாரம்தான் மேலே ஏறி இருந்தது.

"இரும்பு சூடானா நீளும்னு எட்டாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும்" என்றார் அண்ணி. "பாலத்தோட சூட்ட டிகிரி டிகிரியா கழிச்சேன். நான் எது மேல நின்னு அளக்கிறேன்னு பாக்கல."

இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கதையின் மையமாக இதைத்தான் வைக்க வேண்டும் என்று நினைத்து, 'நாம் ஒவ்வொருவரும் நின்று அளக்கிற—' என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அண்ணி இரும்பைத்தான் சொன்னார்.

5

இப்போது பெரிய மேடம். இந்தப் பாத்திரத்தோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. முதல் வரைவில் அவரை வில்லி ஆக்கினேன். இரண்டாவதில் தெய்வம் ஆக்கினேன். இரண்டிலும் அவர் உட்கார மாட்டேன் என்கிறார்.

அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது இது: அந்த அலுவலகத்தின் முதல் பெண் பொறியாளர். சேர்ந்த புதிதில் அவருக்குக் கொடுத்த வேலை, அளக்கிற டேப்பின் சுழிய முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இன்னொரு முனையில் ஆண்கள் போய் எண்ணைப் படித்து எழுதுவார்கள். இரண்டு வருடம் அப்படி நின்றிருக்கிறார். அப்புறம் ஒரு நாள், "எண்ணு தப்பு" என்று சுழிய முனையிலிருந்தே சொன்னாராம். போய்ப் பார்த்தால் தப்பாகத்தான் இருந்தது. அங்கிருந்து நடந்து நடந்து தலைமை நாற்காலி வரை வந்திருக்கிறார். 

சுட்ட கையோடு அண்ணி போய் நின்றது அவர் அறையில்தான். மேசையில் ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் ஏதோ ஒரு பாலத்தின் காங்கிரீட் துண்டு. ஜன்னல் பக்கம் ஹெல்மெட்டுகள் வரிசையாக. பெரிய மேடம் முழுவதும் கேட்டார்.

"சரி. கண்டுபிடிச்சிட்டல்ல. சாக்க நனைச்சுச் சாரத்துல சுத்து, சூடு ஏறாது, டெஸ்ட்ட திரும்பப் பண்ணு, பாலம் பாஸாகும். முதல் டெஸ்ட்டுக்குக் காரணம் 'கருவிக் கோளாறு'ன்னு எழுதிடு. விஷயம் முடிஞ்சுது."

"கருவி நல்லாத்தான் இருக்கு மேடம்."

"கருவிக்குப் புள்ள குட்டி இல்லம்மா. அது மேல பழியப் போட்டா அத வேலைய விட்டா தூக்கப் போறாங்க?"

"தப்பு என்னோடது மேடம்."

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "கதவ நான் எவ்வளவு தள்ளித் தெறந்தேன்னு உனக்குத் தெரியும். இப்ப மூணு பேர் விண்ணப்பம் போட்டிருக்காங்க. மூணு பேரும் உன்ன மாதிரி நடுவுல நின்னு போனவங்க. நீ 'இரும்புச் சாரம் எனக்குப் புதுசு'ன்னு எழுதின அடுத்த நிமிஷம், 'பாத்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோமே'ன்னு ஆரம்பிப்பாங்க. ஒரு ஆம்பள தப்புப் பண்ணா அந்த ஆளு பேரு கெடும். நீ பண்ணா நம்ம எல்லார் பேரும் கெடும். கருவிக் கோளாறுன்னு எழுதும்மா."

நான் அந்த அறையில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்திருப்பேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அண்ணியும் தயங்கினாராம். பிறகு கேட்டாராம்:

"மேடம், வானம் மூடின அன்னைக்குச் சுழியம் வச்சதால நல்ல பாலம் தோத்துப் போச்சு. வெயில்ல சுழியம் வச்சு, மழை நாள்ல கடைசி ரீடிங் எடுத்திருந்தா? குழாய் சுருங்கி முள்ளு பின்னால போயிருக்கும். கெட்ட பாலம் பாஸாகியிருக்கும். அது மேல பஸ் போகும். இரும்புச் சாரம் வந்து இத்தன வருஷமாச்சு, இது நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூடவா தெரியாது?"

 அப்போதுதான் அண்ணிக்கு உறைத்திருக்கிறது. நனைந்த சாக்கு என்று அண்ணி சொல்லவே இல்லை. பெரிய மேடம்தான் முதலில் சொன்னார்.

"உங்களுக்குத் தெரியும்" என்றார் அண்ணி.

"தெரியும்." பெரிய மேடம் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ வீட்டுல இருந்த சமயம். முதமுதலா இரும்புச் சாரம் வந்த வருஷம். இதே மாதிரி. இதே தப்பு. அப்பத்தான் எனக்குப் பதவி உயர்வு பேசிட்டு இருந்தாங்க. கருவிக் கோளாறுன்னு எழுதினேன். அப்புறம் சாரம் கட்டற என் பழைய ஃபிட்டர்கிட்ட மட்டும் காதோட காதா சொல்லி, ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் சாக்கு சுத்த வச்சேன். அவரும் போன வருஷம் ரிட்டையராகிப் போயிட்டார்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருந்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டிருப்பியே."

அண்ணி இதைச் சொல்லிக் காட்டியபோது நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. சுழிய முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்ற ஒரு சின்னப் பெண்ணே கண் முன்னால் வந்துகொண்டிருந்தாள். பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு மூடிவிடக் கூடாது என்று ஒரு குழியை மூடி மறைத்தார். பின்னால் வந்தவர் அதிலேயே விழுந்தார். இதில் யாரை வில்லி ஆக்குவது?

6

இரண்டாவது சோதனைக்கு நானும் போனேன். இதுவரை எழுதியதெல்லாம் கேள்வி ஞானம். இது நான் கண்ணால் பார்த்தது.

அண்ணி எனக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்து, "எழுத்தாளரம்மா, எதையும் தொடாத, எது மேலயும் சாயாத" என்று சொல்லி அழைத்துப் போனார். சாரத்துக் குழாய்கள் முழுக்க ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. பக்கத்தில் போனாலே மண் நனைந்த வாசம். எங்கள் தலைக்கு மேலே அவ்வளவு பெரிய பாலம். அதற்கு அடியில் நின்றால் நமக்குத் தானாகவே குரல் தணிந்துவிடுகிறது.

முதல் லாரி ஏறியது. சத்தம் மேலே எங்கோ உருண்டது. அண்ணி என் தோளைப் பிடித்துத் திருப்பி, கருவிக்குப் பக்கத்தில் ஏணி மேல் என்னை ஏற்றிவிட்டார். வட்ட முகத்தில் முள். அசையாமல் இருந்தது. இரண்டாவது லாரி. முள் அசைந்தது.

 அவ்வளவு காங்கிரீட், அவ்வளவு இரும்பு, மலை மாதிரி நிற்கிறது. அது குனிகிறது. என் கண்ணுக்கு முன்னால், மூச்சு விடுகிற அளவுக்கு மெதுவாக. நான் இத்தனை வருடமாகப் பாலங்களில் போய் வந்திருக்கிறேன். என் எடைக்கும் அவை குனிந்திருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

"அண்ணி, உடைஞ்சிடாதே?"

"வளையற வரைக்கும் பயமில்ல. வளைய மாட்டேன்னு நிக்குது பாரு, அதுதான் சொல்லாம கொள்ளாம உடையும்."

அண்ணி பேசிக்கொண்டே முள்ளைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சமையலறையில் பார்த்திருக்கிறேன், அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. நூறு பேர் பாரத்தை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். இவர் ஒருவர்தான் பாலம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டில் இத்தனை நாள் யாரோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

லாரிகள் இறங்கிய மறுநாளும் போனேன். சாய்ந்த வெயில் அதேபோல உள்ளே நுழைந்து சாக்குகளின் மேல் விழுந்தது, லேசாக ஆவி பறந்தது. அண்ணி ரீடிங் எடுத்தார், கணக்குப் போட்டார், இன்னொரு முறை போட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. கட்டுமான நிறுவனத்து ஆள் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணியைக் கும்பிட்டாரா, பாலத்தையா என்று தெரியவில்லை.

ஆசிரியரே, கைதட்டல் இங்கே வந்துவிட்டது. கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நீங்களும் நிறுத்தித்தான் போடுவீர்கள் என்று சந்தேகமாக இருக்கிறது.

7

முடிவுகள்.

அண்ணியின் அறிக்கையில் இருப்பது: 'முதல் சோதனையில் சாரக் குழாய்களின் வெப்ப விரிவு கணக்கில் எடுக்கப்படவில்லை. பிழை என்னுடையது. இனி எல்லாச் சோதனைகளிலும் சாரத்தை ஈரச் சாக்கால் மூட வேண்டும்.' பெரிய மேடம் முன்பு செய்ததைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அது அவருடையது, அவர்தான் சொல்ல வேண்டும் என்கிறார் அண்ணி. பெரிய மேடத்தின் கையெழுத்து விழுந்தால் இதன் நகல் எல்லாப் பாலங்களின் சைட்டுக்கும் போகும். விழாவிட்டால் திருத்தி எழுதச் சொல்லித் திரும்பி வரும்.

ஒரு முடிவு: கையெழுத்துப் போடுகிறார். அண்ணியின் வேலை நிரந்தரமாகிறது. (எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

இன்னொன்று: கையெழுத்துப் போடுகிறார். தப்பை ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு வருடம் முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்த மூன்று விண்ணப்பங்களும்—

(இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

இன்னொன்று: பெரிய மேடம் அண்ணியின் வரிக்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்க்கிறார். என்ன வரி என்று உங்களுக்கே தெரியும்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியிடம் போய், எதை வைக்கட்டும் என்று கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும். நாளைக்குப் போனாத்தான் தெரியும்" என்றார்.

"வேல போயிட்டா?"

போனால் போகிறது என்று சொல்வார் என நினைத்தேன். கதையில் வருகிற பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். அண்ணி மகளின் பள்ளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போகக் கூடாது. எனக்கு இந்த வேல வேணும். ரொம்ப வேணும்."

"அப்புறம் எதுக்கு அண்ணி அப்படி எழுதினீங்க?"

"அடுத்த பாலத்துக்கு அடியில யாரு நிக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, சட்டையை மடித்து அடுக்கில் வைத்தார்.

ஆகவே இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை போய் எத்தனையோ நாள் ஆகியிருக்கும். முடிவு வெளியே எங்கேயோ நின்றுகொண்டிருக்கும். நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

எங்காவது ஒரு புதுப் பாலத்தின் மேல் மணல் லாரிகள் வரிசையாக நிற்பதைக் கண்டால், கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். சாரத்தில் ஈரச் சாக்கு சுற்றியிருந்தால் சந்தோஷமாகத் திரும்பிப் போங்கள். குழாய்கள் வெறும் இரும்பாக வெயிலில் மின்னிக்கொண்டிருந்தால் அப்படியே போய்விடாதீர்கள். அங்கே ஹெல்மெட் போட்டுக்கொண்டு யாராவது முள்ளைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவேளை ஹெல்மெட் பெரிதாக இருப்பதால் உள்ளே கைக்குட்டை மடித்து வைத்தவராகக்கூட இருக்கலாம். அவரிடம் போய்ச் சாக்கை நனைத்துச் சுற்றச் சொல்லுங்கள். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். ஒரு கதையில் படித்தேன் என்று சொல்லுங்கள்.